தோக்குற டீம் எப்படி ஜெயிக்கும்? ஒரு 175 கிராம் கணக்கு

13-2.

போன வருஷம் ஒரு பீச் டோர்னமெண்ட்ல நம்ம காலேஜ் அல்டிமேட் டீம் ஆடின முதல் மேட்ச்சோட ஸ்கோர் இது. அந்த 2 தான் நம்மளோடது. அன்னைக்கு நாலு மேட்ச், நாலும் தோல்வி. ராத்திரி பஸ்ல திரும்பி வரும்போது எல்லாரும் போனைப் பாத்துட்டு உக்காந்திருந்தோம். செகண்ட் இயர் தங்கச்சி ஒருத்தி முன் சீட்டுல இருந்து திரும்பி, "அண்ணா, நாலு மேட்ச்சுலயும் சேத்து எனக்கு எத்தன பாஸ் வந்துதுன்னு தெரியுமா?"ன்னு கேட்டா. தெரியாதுன்னேன். "ஒம்போது. எண்ணிட்டே தான் ஓடுனேன்"னு சொல்லிட்டுத் திரும்பிட்டா.

அந்த ஒம்போதுக்குப் பிறகு வர்றேன். இந்தக் கட்டுரை அங்க இருந்து தான் ஆரம்பிச்சுது. சின்ன டீம் பெரிய டீமை ஜெயிக்குற கதைகளை நாம சினிமால நிறைய பாத்திருக்கோம். இடைவேளைக்கு அப்புறம் கோச் ஒரு டயலாக் பேசுவார், பின்னணி இசை ஏறும், ஜெயிச்சிருவாங்க. நிஜத்துல அது எப்படி நடக்குது, அதுல என்ன கணக்கு இருக்குன்னு எனக்குப் புரிஞ்ச வரைக்கும் எழுதுறேன். அடுத்த வருஷம் இந்த டீம்ல நான் இருக்க மாட்டேன், அதனால ஜூனியர்ஸ் கொஞ்சம் கவனமாவே படிங்க.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு முதல்ல ஒரு பத்தி. அல்டிமேட்னா ஃப்ரிஸ்பீயை வச்சு ஆடுற டீம் கேம். (ஃப்ரிஸ்பீங்கிறது ஒரு கம்பெனியோட டிரேட்மார்க், அதனால ஆட்டத்துக்கு வெறும் அல்டிமேட்னு தான் பேரு.) புல் தரையில ஒரு பக்கம் 7 பேர். மைதானம் 100 மீட்டர் நீளம், 37 மீட்டர் அகலம். ரெண்டு கடைசியிலயும் 18 மீட்டருக்கு எண்ட் ஸோன். எதிராளியோட எண்ட் ஸோனுக்குள்ள நம்ம ஆள் டிஸ்க்கைப் பிடிச்சா ஒரு பாயிண்ட். டிஸ்க் கையில இருக்கும்போது ஓடக் கூடாது, 10 எண்ணி முடிக்குறதுக்குள்ள பாஸ் பண்ணணும். கீழ விழுந்தா, வெளிய போனா, எதிராளி பிடிச்சா, அந்த இடத்துல இருந்து டிஸ்க் அவங்களுக்கு. பீச்ல ஆடும்போது ஒரு பக்கம் 5 பேர், மைதானமும் 75-க்கு 25 மீட்டரா சுருங்கிரும். இன்னொண்ணு, இந்த ஆட்டத்துக்கு ரெஃப்ரி கிடையாது. ஃபவுலை ஆடுறவங்களே சொல்லணும், அவங்களே பேசித் தீக்கணும்.

இது 1968-ல அமெரிக்காவுல, நியூ ஜெர்சியில இருக்கிற கொலம்பியா ஹை ஸ்கூல் பசங்க தொடங்கின ஆட்டம். காலேஜுக்கும் காலேஜுக்கும் நடந்த முதல் மேட்ச் 1972 நவம்பர் 6-ல ரட்கர்ஸுக்கும் பிரின்ஸ்டனுக்கும் நடுவுல. ரட்கர்ஸ் 29-27-னு ஜெயிச்சுது. ஆக, ஸ்டூடண்ட்ஸ் கண்டுபிடிச்சு ஸ்டூடண்ட்ஸ் வளத்த ஆட்டம். பி.டி. சார் யாரும் நமக்குச் சொல்லித் தராததுல ஆச்சரியமே இல்ல.

ஃப்ளை வைல்ட்

நம்ம ஊர் பக்கம் இதுக்கு ஒரு நிஜக் கதை இருக்கு. '175 கிராம்ஸ்'னு ஒரு குட்டி டாக்குமெண்டரி. பரத் மிர்லே, அரவிந்த் ஐயர் ரெண்டு பேரும் எடுத்தது. சன்டான்ஸ் இன்ஸ்டிடியூட் நடத்தின குறும்படப் போட்டியில தேர்வாகி, 2015 சன்டான்ஸ் விழாவுல திரையிட்டாங்க. படம் சென்னையில இருக்கிற ஃப்ளை வைல்ட்னு ஒரு டீமைப் பத்தினது. கடற்கரை ஓரக் குப்பங்கள்ல, வசதி குறைஞ்ச குடும்பங்கள்ல இருந்து வந்த பசங்களும் பொண்ணுங்களும் சேந்து ஆடுற டீம். யாரும் பெருசா எதிர்பாக்காத இந்த டீம், பலமான டீம்கள் ஆடுற ஒரு போட்டியில சாதிச்சுக் காட்டுனதைத் தான் படம் சொல்லுது. தலைப்பு என்னன்னு யோசிக்க வேண்டாம், மேட்ச் டிஸ்க்கோட எடை தான் அது.

எல்லாம் சில நிமிஷம் தான். பஸ் பயணத்துக்கு அடுத்த நாள் ஹாஸ்டல்ல பாத்தோம். முதல் தடவை பாக்கும்போது ஒரு உணர்ச்சியில கண்ணு கலங்குது. ரெண்டாவது தடவை நான் எஞ்சினியரிங் ஸ்டூடண்ட் மாதிரி பாத்தேன். இவங்க நம்மள விட என்ன வேற மாதிரி செஞ்சிருப்பாங்க?

மணல்ல ஓடிப் பழகின காலு, காத்து எந்தப் பக்கம் இருந்து வருதுன்னு யோசிக்காமலே தெரியுற உடம்பு. கடற்கரைப் பிள்ளைங்களுக்கு இது சின்ன வயசுலயே வந்திருக்கும்னு நினைக்குறேன். இது என் ஊகம் தான். ஆனா அது மட்டும் போதாது. கணக்குக்கு வருவோம்.

பத்து பாஸ்

ஒரு கோல் போட 10 பாஸ் வேணும்னு வச்சுக்குவோம். ஒவ்வொரு பாஸும் சரியா போய்ச் சேர 95 சதவீதம் வாய்ப்புன்னா, பத்தும் சேர 0.95-ஐப் பத்து தடவை பெருக்கணும். 0.60 வருது. 90 சதவீதம்னா 0.35. 85-ன்னா 0.20. இங்க தான் நான் கொஞ்ச நேரம் கால்குலேட்டரையே பாத்துட்டு உக்காந்திருந்தேன். பாக்குறதுக்கு 95-க்கும் 85-க்கும் பெரிய வித்தியாசம் இல்ல. பிராக்டீஸ்ல ரெண்டு பேரும் நல்லா போடுறவங்க மாதிரி தான் தெரியும். ஆனா மைதானத்துல ஒருத்தன் 5 வாய்ப்புல 3 கோல் போடுறான், இன்னொருத்தன் 1 போடுறான். நம்ம 13-2 எங்க இருந்து வந்துதுன்னு இப்போ புரியுதா? அவங்க நம்மள விட ஆறு மடங்கு நல்ல டீம் இல்ல. ஒவ்வொரு பாஸுலயும் கொஞ்சம் தான் மேல.

அப்போ என்ன பண்ணலாம்? ஒரு வழி, 85-ஐ 95 ஆக்குறது. அதுக்கு ரெண்டு வருஷ பிராக்டீஸ் வேணும். இன்னொரு வழி, பாஸோட எண்ணிக்கையைக் குறைக்கிறது. அதே 90 சதவீத ஆள் 5 பாஸுல முடிச்சா 0.59. அதாவது 95 சதவீத டீம் 10 பாஸுல எடுக்கிற அதே வாய்ப்பு.

இதுல இருந்து எனக்குப் பிடிக்காத ஒரு உண்மையும் வருது. நம்ம டீம்ல ஒரு பையன் டிஸ்க் கையில வந்தாலே தூரமா வீசிருவான். மூணுல ஒண்ணு சேரும். நான் அவனைத் திட்டாத நாள் இல்ல. ஆனா 85 சதவீத டீம் பொறுமையா 10 பாஸ் போட்டா கிடைக்கிறது 20 சதவீதம், அவன் வீச்சுல கிடைக்கிறது 33. போதாததுக்கு, வீச்சு தவறினா டிஸ்க் எதிராளியோட கோல் பக்கத்துல விழும். அவங்க முழு மைதானத்தையும் கடந்து வரணும். அவன் சரி மக்கா, நான் தான் தப்பு. நேர்ல சொல்லல, இதுல படிச்சுக்கட்டும்.

இன்னொரு சின்னக் கணக்கு. ஒவ்வொரு பாயிண்ட்டையும் ஜெயிக்க உனக்கு 40 சதவீதம், எதிராளிக்கு 60-ன்னு வை. 15 பாயிண்ட் மேட்ச்ல நீ ஜெயிக்க வாய்ப்பு சுமார் 14 சதவீதம். 7 பாயிண்ட் மேட்ச்னா சுமார் 23. ஆட்டம் நீள நீள பலசாலிக்கு நல்லது, சுருங்கச் சுருங்க நமக்கு நல்லது. காத்தோ மழையோ வந்து நேரம் போய் ஸ்கோர் குறைஞ்சா சின்ன டீம் மனசுக்குள்ள சந்தோஷப்படணும். வெளிய காட்டிக்க வேண்டாம்.

எங்க ஊர் காத்து

நான் மயிலாடிக்காரன். எங்க ஊர்ல பஸ்ஸ விட்டு இறங்கினாலே கல்லுல உளி படுற சத்தம் கேக்கும். முதல் டிஸ்க் வாங்கி ஊருக்குக் கொண்டு போனப்போ, சிலை செய்யுற மாமா ஒருத்தர் அதை வாங்கி ரெண்டு விரல்ல சுத்திப் பாத்துட்டு, "மக்ளே, கனத்தையெல்லாம் விளிம்புல கொண்டு போய் வச்சிருக்கானே"ன்னார். மெக்கானிக்ஸ்ல ரெண்டு மார்க் கேள்வி அது. எடை சமமா பரவின தட்டுக்கு நிலைமத் திருப்புத்திறன் அரை எம்.ஆர். ஸ்கொயர், எடை முழுசும் விளிம்புல இருந்தா எம்.ஆர். ஸ்கொயர். நம்ம டிஸ்க் இந்த ரெண்டுக்கும் நடுவுல. விளிம்புல கனம் கூடக் கூட, சுத்துற டிஸ்க் சாயாம போகும். அதனால தான் புதுசா கத்துக்கிறவங்க கிட்ட வேகமா எறியச் சொல்லக் கூடாது, மணிக்கட்டுல சுத்தி விடச் சொல்லணும்.

மயிலாடிக்குப் பக்கத்துல தான் ஆரல்வாய்மொழி கணவாய். முப்பந்தல் காத்தாடிகள் எல்லாம் அந்தக் காத்தை நம்பி நிக்குறது தான். தென்மேற்குப் பருவக்காத்து மாசங்கள்ல வெளிய டிஸ்க் எறிஞ்சா அது நம்ம பேச்சைக் கேக்காது. ரொம்ப நாள் இதை ஒரு தொந்தரவாத் தான் நினைச்சேன்.

டிஸ்க்கைத் தூக்குற விசை, காத்தைப் பொறுத்து டிஸ்க்கோட வேகம் எவ்வளவோ அதோட வர்க்கத்துக்கு ஏத்த மாதிரி மாறும். நீ செகண்டுக்கு 15 மீட்டர் வேகத்துல எறியுற, காத்து 5 மீட்டர் வேகத்துல எதிர்த்து வருதுன்னா, டிஸ்க்குக்கு அது 20. காத்தோட போக்குல எறிஞ்சா 10. வேகத்துல ரெண்டு மடங்கு, வர்க்கத்துல நாலு மடங்கு. ஒரே ஆள், ஒரே எறி, ஆனா தூக்கும் விசையில நாலு மடங்கு வித்தியாசம். எதிர்க்காத்துல டிஸ்க் மேல ஏறி நின்னு பின்னாடி வரப் பாக்கும், போக்குக்காத்துல சீக்கிரமே தரையில விழும். அதனால எதிர்க்காத்துக்கு முன்முனையைத் தாழ்த்தி, நிறைய சுத்து குடுத்து, தாழ்வா எறியணும். போக்குக்காத்துக்குக் கொஞ்சம் உயரம் குடுக்கணும். ஹேமர் எறியை வீட்டுலயே விட்டுட்டு வாங்க.

இதுல சின்ன டீமுக்கு என்ன லாபம்? அழகா எறியுறவனோட அழகைக் காத்து பறிச்சிருது. 95 சதவீதம் 80 ஆகுது. நம்ம 85-ம் குறையும் தான், ஆனா காத்துலயே பழகினவனுக்குக் கம்மியா குறையும். பலத்த காத்துல ரெண்டு டீமும் போக்குப் பக்கம் மாத்தி மாத்திக் கோல் போட்டுட்டே இருப்பாங்க. எதிர்க்காத்துல யார் ஒரு கோல் கூடுதலா போடுறாங்களோ அவங்க தான் பெரும்பாலும் ஜெயிப்பாங்க. மொத்த மேட்ச்சும் அந்த ஒரு கோல் மேல நிக்கும். 15 பாயிண்ட் மேட்ச், மறைமுகமா சின்ன மேட்ச் ஆயிருது. மேல சொன்ன 14, 23 கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க.

காத்துல ஸோன் டிஃபென்ஸ் ஆடுங்க. ஆளுக்கு ஆள் ஓடிப் பிடிக்க வேகம் வேணும், நமக்கு அது இல்ல. ஸோன்ல மூணு பேர் எறியுறவனைச் சுத்திக் கிண்ணம் மாதிரி நிப்பாங்க. ஒருத்தர் மட்டும் கிட்ட, மத்த ரெண்டு பேரும் 3 மீட்டருக்கு வெளிய. இல்லன்னா டபுள் டீம், விதிமீறல். கிண்ணத்தைத் தாண்டி எறிய அவன் உயரத் தூக்கணும். உயரத்துல காத்து காத்திருக்கும்.

ஒம்போது

இப்போ அந்தத் தங்கச்சி சொன்ன ஒம்போது.

மிக்ஸட் ஆட்டத்துல புல் தரையில 7 பேர்ல ஒரு பாலினம் 4, இன்னொண்ணு 3. பீச்ல 5 பேர்ல 3-ம் 2-ம். நாங்க 3 பசங்க, 2 பொண்ணுங்களோட இறங்கினோம். விதிக்காகச் சேத்துக்கிட்டோம், அவ்வளவு தான். அந்த மேட்ச் வீடியோவைத் திரும்பப் பாத்தப்போ ரொம்ப வெக்கமா இருந்துது. அவ எண்ட் ஸோன்ல தனியா நிக்குறா, பக்கத்துல ஒரு டிஃபெண்டர் கூட இல்ல. கையைத் தூக்கிக் காட்டுறா. டிஸ்க் என் கையில. நான் ரெண்டு பேருக்கு நடுவுல நிக்குற பையனுக்கு எறியுறேன். டிஸ்க் போச்சு. இப்படி ஒரு தடவை இல்ல.

எதிராளிக்கு இது மூணு பாயிண்ட்டுலயே புரிஞ்சிருச்சு. எங்க பொண்ணுங்களைக் காவல் காக்க வேண்டிய ரெண்டு பேரும் அவங்களை விட்டுட்டு நடுவுல வந்து நின்னுட்டாங்க. அதாவது 5 பேர் 3 பேரைக் காவல் காத்தாங்க. என் 85 சதவீதம் 85-ஆவே இருந்திருக்காது. பயிற்சி இல்லாம, பணம் இல்லாம, ஒரு நாள்ல சரி பண்ணியிருக்கக் கூடிய ஒரே விஷயம் இது தான். அதைத் தான் நாங்க செய்யல.

ஃப்ளை வைல்ட் படத்துல பசங்களும் பொண்ணுங்களும் ஒண்ணா ஆடுறதை முதல்ல நான் சமூக விஷயமா மட்டும் பாத்தேன். அது சரி தான், ஆனா அது டாக்டிக்ஸும் கூட. அஞ்சு பேரும் நிஜமாவே ஆடுற டீமை அஞ்சு பேர் தான் காவல் காக்க முடியும். வேர்ல்ட் கேம்ஸ்ல அல்டிமேட் மிக்ஸட்டா தான் நடக்குது. 2017-ல போலந்து வ்ரோட்ஸ்வாஃப்ல அமெரிக்கா தங்கம், கனடா வெண்கலம். ரெண்டுக்கும் நடுவுல வெள்ளி வாங்கினது கொலம்பியா.

லைன் மேல கால்

ரெஃப்ரி இல்லாத ஆட்டம்னு சொன்னேன்ல. கேக்க அழகா இருக்கும். மேட்ச் முடிஞ்சதும் எதிர் டீமுக்கு விதி அறிவு, உடல் மோதல், நேர்மை, மனநிலை, பேச்சுன்னு அஞ்சு தலைப்புல, ஒவ்வொண்ணுக்கும் 0 முதல் 4 வரை ஸ்பிரிட் மார்க் போடணும். தோக்குற டீமுக்கு ஆறுதல் பரிசுன்னு கிண்டல் பண்ணுவாங்க. நாங்களும் ஒரு தடவை வாங்கியிருக்கோம்.

ஆனா எனக்கு உறுத்துற விஷயம் வேற. மூணாவது மேட்ச்ல எதிராளி ஒருத்தன் கோல் பிடிச்சான், கால் லைன் மேல. அல்டிமேட்ல லைனே அவுட். பக்கத்துல நின்ன நம்ம பையன் தெளிவா பாத்தான். ஒண்ணும் சொல்லல. பாயிண்ட் அவங்களுக்குப் போச்சு. ஏம்ல சொல்லலன்னு அப்புறமா கேட்டேன். "அவன் இங்கிலீஷ்ல சண்டை போடுவான் மக்கா, எனக்குத் திருப்பிச் சொல்ல வராது"ன்னான். அவன் கவர்மெண்ட் ஸ்கூல்ல தமிழ் மீடியம் படிச்சவன், விதி என்னை விட நல்லா தெரியும். நான் இங்கிலீஷ் மீடியம். அதனால அதுவரைக்கும் எல்லா வாக்குவாதத்தையும் நானே பேசிட்டு இருந்தேன், பாத்தது யாரா இருந்தாலும். விதிப்படி பாத்தா, எந்த ஆளுக்கு நல்லா தெரியுற கோணமோ அவங்க தான் சொல்லணும். நல்லா பேசத் தெரிஞ்சவன் இல்ல.

ஃப்ளை வைல்ட் பசங்க முதல் முதல்ல பெரிய ஊர் டீம்களோட ஆடினப்போ இதை எப்படிச் சமாளிச்சாங்கன்னு அடிக்கடி யோசிப்பேன். நாங்க செஞ்சது இது தான்: முக்கியமான விதிகளை ஒரு பேப்பர்ல தமிழ்ல எழுதி, பிராக்டீஸ்ல தமிழ்லயே சண்டை போட்டுப் பழகினோம். "கால் லைன்ல. அவுட். ஒத்துக்கிறியா, மறுக்கிறியா?" மறுத்தா டிஸ்க் எறிஞ்சவன் கிட்டத் திரும்பப் போகும், அவ்வளவு தான், யாரும் யாரையும் சாப்பிட்டுற மாட்டாங்க. எதிராளிக்குத் தமிழ் தெரியலன்னா கையைக் காட்டினா போதும், லைன் எல்லா மொழியிலயும் லைன் தான்.

இந்த வருஷம் அதே டோர்னமெண்டுக்குப் போனோம். மூணு தோல்வி, ஒரு வெற்றி. ஜெயிச்சது யாரைன்னா, போன வருஷம் 13-2 போட்ட அதே டீமை. மதியத்துக்கு மேல கடல் காத்து பலமா அடிச்சுது, மேட்ச்சை நேரக் கணக்குல முடிச்சாங்க, 6-5. எதிர்க்காத்துல விழுந்த அந்த ஒரே கோலைப் பிடிச்சது யாருன்னு சொல்ல வேண்டியதில்ல. கரை ஓரமா தனியா நின்னு கையைத் தூக்கிட்டு இருந்தா, இந்தத் தடவை எறிஞ்சேன். பஸ்ல எத்தன பாஸ்னு கேட்டேன். எண்ணலன்னா.

அடுத்த கேப்டன் அவ தான். சனிக்கிழமை காலைல அஞ்சரைக்கு கிரவுண்ட்ல பிராக்டீஸ், யார் வேணும்னாலும் வரலாம், ஷூ இல்லன்னாலும் பரவாயில்ல. டிஸ்க் மூணு, கோன் எட்டு, அந்த விதி பேப்பரோட ஜெராக்ஸ் எல்லாம் என் ரூம்ல இருக்கு. ஒரு டிஸ்க்கோட விளிம்புல லேசா கீறல், அதை எதிர்க்காத்துல எறியாதீங்க. புராஜெக்ட் ரிவியூ முடியுறதுக்குள்ள வந்து எடுத்துக்கோங்க.